காயம் மாறியது... ஆளும் மாறிவிட்டார்!



இந்த இதழில் வாடகைப் பத்திரம் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தோம். அதை அடுத்த முறைக்குத் தள்ளி வைக்கிறோம். காரணம், சென்ற மாதம் எமக்கு வந்த ஒரு தொலைபேசி அழைப்பு. பேசியவர் ஒரு சகோதரி. மொன்றியலுக்கு வந்து இன்னும் இரண்டு வருடம் ஆகவில்லை.

"அண்ணை, நீங்கள் அந்தப் புத்தகத்திலை எழுதுற ஆள்தானே? ஒரு விசயம் கேக்கலாமோ?"

"சொல்லுங்கோ தங்கச்சி" என்றோம்.

"என்ரை மனுசனுக்கு எட்டு மாசத்துக்கு முந்தி வேலையிலை கறண்ட் அடிச்சது. ஆஸ்பத்திரியிலை ஒரு இரவு வைச்சிருந்து, நெஞ்சைப் பாத்து, ஒண்டுமில்லையெண்டு விட்டிட்டினம். விரலிலை ஒரு சின்னக் காயம். அது மாறீட்டுது. ஆனா அண்ணை, காயம் மாறின கையோடை ஆளும் மாறிப்போனார். சொன்னதெல்லாம் மறக்கிறார். பிள்ளையள் கொஞ்சம் சத்தம் போட்டால் பாய்ஞ்சு விழுறார். நித்திரை இல்லை. கை உளையுது, உளையுது எண்டுறார். பாத்தால் கையிலை ஒண்டுமில்லை. சனம் என்னெண்டால், வேலைக்குக் கள்ளத்திலை வீட்டிலை இருக்கிறார் எண்டு கதைக்குது. எனக்கும் சில நேரம் அப்பிடித்தான் தோணுது... ஆருக்குச் சொல்லுறது?"

நாம் சிறிது நேரம் பேசாமல் இருந்தோம். அந்தத் தங்கச்சி தன் கணவரைப் பற்றிச் சொன்னதெல்லாம் எமக்கும் நடந்தவை. இத்தனை மாதங்களாக இந்தப் பக்கத்தில் பஸ் அட்டை, பிரெஞ்சு வகுப்பு, பனிக்காலச் சப்பாத்து என்று எல்லாவற்றையும் எழுதினோம். இதை மட்டும் எழுதவில்லை. வெட்கம்தான் காரணம். இன்று எழுதிவிடுகிறோம்.

எமக்கு நடந்தது

நாம் ஊரில் ஓ.எல். வரை படித்து, அதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். இங்கு வந்து பிளாஸ்ரிக் பைகளைச் சூடாக்கி ஒட்டும் மெசினில் வேலை. அது மாசி மாதம். எல்லோருடைய சப்பாத்திலும் வந்த பனி கரைந்து நிலம் ஈரமாக இருந்தது. மெசினின் வயரில் தோல் உரிந்த இடத்தில் கறுப்பு ரேப் சுற்றியிருந்தார்கள். மெசினை நகர்த்துவதற்காக வலக்கையால் பிடித்தோம். அவ்வளவுதான் ஞாபகம். கை விடவில்லை. விட வேண்டும் என்று நினைக்கிறோம், விரல்கள் இன்னும் இறுக்கிப் பிடிக்கின்றன. பக்கத்து மெசினில் நின்ற ஹெயிட்டி நாட்டுச் சகோதரர் ஓடிப்போய் சுவிச்சை நிறுத்தினார். அவர் எம்மைப் பிடித்து இழுக்காமல் முதலில் கறண்டை நிறுத்தியதால்தான் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம்.

விரல் நுனியில் ஒரு கறுத்த புள்ளி. நெஞ்சுப் படம் எடுத்தார்கள். எல்லாம் சரி என்றார்கள். மூன்று கிழமையில் வேலைக்குத் திரும்பினோம்.

அதன் பிறகுதான் தொடங்கியது. முதலில் முழங்கை வரை எரிவு. பிறகு இரவில் உளைவு. பிறகு எமக்கே விளங்காத வேறு சில சங்கதிகள். ஒரு பெட்டிக்குள் 48 பைகள் வைக்க வேண்டும். முந்தி கதைத்துக்கொண்டே எண்ணுவோம். இப்போது 48ஐ எண்ணி முடிப்பதற்குள் எத்தனையில் நிற்கிறோம் என்பது மறந்துவிடும். மெற்றோவில் பிளாமொண்டனில் இறங்க வேண்டியவர்கள், கோட்-வெர்த்துவில் ரயில் நின்று எல்லோரும் இறங்கும்போதுதான் விழித்துப் பார்த்தோம். நித்திரையும் இல்லை. கையைப் பற்றியே நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

ஒரு நாள் மாலை மகள் பிரெஞ்சுப் பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் கைக்குள் குத்துவது போல இருந்தது. புத்தகத்தைப் பறித்து எறிந்துவிட்டோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டு போனாள். அன்று முதல் குளியலறைக்குள் இருந்துதான் பாடம் படித்தாள்.

இதில் இன்னொரு பிழையும் எம்முடையது. கிளினிக்குக்குப் போகும்போது மொழிபெயர்க்க அவளைத்தான் கூட்டிப்போனோம். வயது பதினொன்று. டொக்டர் கையைப் பற்றிக் கேட்டார், நித்திரையைப் பற்றிக் கேட்டார், பிறகு ஏதோ கேட்டார். "அப்பா, உங்களுக்கு மனம் சரியில்லையோ, கோபம் வருகுதோ எண்டு கேக்கினம்" என்றாள் பிள்ளை. அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு அதற்கு என்ன பதில் சொல்வது? "ஒண்டுமில்லை எண்டு சொல்லம்மா" என்றோம். அவளும் அப்படியே சொன்னாள். டொக்டர் எழுதிய கடுதாசியில் கை மட்டும்தான் இருந்தது. இந்த நாட்டில் கடுதாசியில் இல்லாதது நடக்காததுதான். அதைச் சரிசெய்ய எமக்கு ஒரு வருடம் எடுத்தது.

கறண்ட் உள்ளே என்ன செய்கிறது?

நாம் டொக்டர் அல்ல. ஆனால் இதைப் பற்றிக் கேட்டும் வாசித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறோம்.

எமது ஊரில் வீட்டுக் கறண்ட் 230 வோல்ற். இங்கு சாதாரண பிளக்கில் 120 வோல்ற். அதனால் இங்கத்தைய கறண்ட் சின்னக் கறண்ட் என்று நம்மவர் சொல்வதுண்டு. அது தவறு. உடம்புக்குள் எவ்வளவு பாய்கிறது, எந்த வழியால் பாய்கிறது, எவ்வளவு நேரம் பாய்கிறது என்பதுதான் கணக்கு. ஈரக் கையும் ஈரச் சப்பாத்தும் இருந்தால் 120 வோல்ற்றும் ஆளைக் கொல்லும். அத்தோடு கனடாவில் தொழிற்சாலைகளின் பெரிய மெசின்கள் பல 600 வோல்ற்றில் ஓடுபவை.

நெருப்புச் சுட்டால் வெளியிலிருந்து உள்ளே சுடும். கறண்ட் அப்படியல்ல. தோலில் ஒரு புள்ளியை மட்டும் விட்டுவிட்டு நரம்பு, தசை வழியாக உள்ளே ஓடும். வெப்பத்தால் மட்டுமல்ல, மின்விசையாலும் உடம்பின் கலங்களின் சவ்வில் நுண்ணிய துளைகள் விழும் என்று சிக்காகோவில் வைத்தியர் றபாயெல் லீயும் அவருடன் இருந்தவர்களும் ஆராய்ந்து சொன்னார்கள். ஆகவே வெளியில் உள்ள காயத்தைப் பார்த்து உள்ளே நடந்ததை அளக்க முடியாது. நோவும் விறைப்பும் கிழமைகள், மாதங்கள் கழித்து வருவதும் உண்டு. ஸ்கானில் ஒன்றும் தெரியாமல் இருப்பதும் உண்டு.

மூளைக்கு என்ன ஆகிறது? 2006இல் சிக்காகோ ஆராய்ச்சியாளர்கள், கறண்ட் அடித்தவர்களையும், கறண்ட் அடிக்காத மின்தொழிலாளர்களையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கறண்ட் அடித்தவர்கள் கவனத்திலும், சிந்தனையின் வேகத்திலும், கை வேலையிலும் பின்தங்கி இருந்தார்கள். எமது கியூபெக்கிலேயே சென்ற்-யுஸ்தீன் ஆஸ்பத்திரி வைத்தியர்களின் தலைமையில், கறண்ட் அடித்து அவசர சிகிச்சைக்கு வந்தவர்களை ஒரு வருடம் வரை தொடர்ந்து கவனித்தார்கள். அது 2008இல் வெளியானது. அவர்களில் சிலருக்கு நரம்பு சம்பந்தமான தொல்லைகளும் ஞாபகம், மனநிலை சம்பந்தமான தொல்லைகளும் பிறகும் தொடர்ந்தன. எல்லோருக்கும் இப்படி வராது. பெரும்பாலானவர்கள் சுகமாகிவிடுகிறார்கள். ஆனால் வருபவர்கள் பொய் சொல்லவில்லை. அதைத்தான் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

நோ எப்படி மூளையைத் தின்கிறது?

இங்குள்ள வீடுகளில் புகைமணி ஒன்று கூரையில் இருக்குமல்லவா? செத்தல் மிளகாய் வறுத்தால் கத்தத் தொடங்கிவிடும். அது கத்திக்கொண்டிருக்கும்போது பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா? தொலைபேசியில் சொன்ன இலக்கம் ஞாபகம் இருக்குமா? யாராவது ஒரு கேள்வி கேட்டால் சினம் வராதா?

நோவும் ஓர் அபாய மணிதான். காயம்பட்டவுடன் அது அடிப்பது நல்லது. கையை எடு, ஓய்வெடு என்று சொல்கிறது. ஆனால் காயம் மாறிய பிறகும் அது நிற்காமல் அடித்தால்? அதுதான் நாட்பட்ட நோ. மூன்று மாதத்துக்கு மேல் தொடரும் நோவை அப்படிச் சொல்கிறார்கள். மூளையின் கவனத்தில் ஒரு பங்கு எந்த நேரமும் அந்த மணியோடு போய்விடும். மிச்சத்தை வைத்துக்கொண்டுதான் எண்ண வேண்டும், பிரெஞ்சு படிக்க வேண்டும், பிள்ளையோடு பேச வேண்டும். அதனால்தான் மறதி.

இரவில் நோவினால் நித்திரை இல்லை. நித்திரை இல்லாதவனுக்கு மறுநாள் நோ கூடத் தெரியும். நோக் குளிசைகளில் சில தலையை மந்தமாக்கும். வேலை இல்லை, வாடகை நிற்கிறது, ஊருக்குக் காசு அனுப்பவில்லை என்ற யோசனை வேறு. இப்படி ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டு போய் மனச்சோர்வில் விட்டுவிடும். மறதியும் சினமும் அந்த ஆளின் குணம் அல்ல, விபத்தின் மிச்சம்.

எமது நகரத்து வலிப் பேராசிரியர்

நோவைப் பற்றி உலகமே படிக்கும் ஒரு பாடம் நாம் வாழும் இந்த மொன்றியலில்தான் எழுதப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. மெக்கில் பல்கலைக்கழகத்தில் றொனால்ட் மெல்சாக் என்ற உளவியல் பேராசிரியர் இருந்தார். 1929இல் மொன்றியலில் பிறந்து, 2019இல் காலமானவர். அவரும் பற்றிக் வோல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானியும் சேர்ந்து 1965இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதன் சாரத்தை எமது ஊர்ப் பாணியில் சொன்னால், முள்ளந்தண்டில் ஒரு படலை இருக்கிறது. உடம்பிலிருந்து வரும் நோச் செய்தி அந்தப் படலையால்தான் மூளைக்குப் போக வேண்டும். படலை திறந்திருந்தால் நோ கூடும், சாத்தியிருந்தால் குறையும். பிள்ளை விழுந்தால் தாய் அந்த இடத்தைத் தடவிவிடுகிறாள், பிள்ளை அழுகையை நிறுத்துகிறது. தடவும் உணர்வு படலையைக் கொஞ்சம் சாத்துகிறது.

இதில் பெரிய விடயம் என்னவென்றால், மூளையும் மேலிருந்து அந்தப் படலையைத் திறக்கும், சாத்தும். பயம், கவலை, தனிமை இருந்தால் படலை அகலத் திறக்கும். மனம் வேறொன்றில் ஈடுபட்டு ஆறுதலாக இருந்தால் கொஞ்சம் சாத்தும். ஆகவே 'கை நோ வேறு, மனநோ வேறு' என்று பிரிக்க முடியாது. 'எல்லாம் உன்ரை மனதிலைதான்' என்று சொல்வதும் பிழை. 'கையிலை மட்டும்தான்' என்று சொல்வதும் பிழை.

அதே பேராசிரியர் இன்னொரு வேலையும் செய்தார். இளம் வயதில் அமெரிக்காவின் ஓரிகனில் வலி நோயாளிகளோடு பேசியபோது, அவர்கள் தங்கள் வலியைச் சொல்லப் பாவித்த சொற்களைக் குறித்துவைக்கத் தொடங்கினார். அது வளர்ந்து 1975இல் மெக்கில் வலி வினாக்கொத்து என்று வெளியானது. 78 சொற்கள், 20 கூட்டங்கள். எப்படி நோகிறது என்பதற்குச் சொற்கள், அந்த நோ மனதை என்ன செய்கிறது என்பதற்குச் சொற்கள், மொத்தத்தில் எவ்வளவு பொறுக்க முடியாதது என்பதற்குச் சொற்கள். ஒரு நோயாளி 'நோகுது' என்று மட்டும் சொன்னால் வைத்தியருக்குப் பாதிதான் தெரியும் என்பதை அவர் உலகத்துக்குக் காட்டினார்.

நமக்குச் சொல்லுக்கா பஞ்சம்? எரிவு, உளைவு, குத்து, குடைச்சல், கடுப்பு, விறைப்பு, இழுவை, எறும்பு ஊர்வது போல, விண்விண் என்று தெறிப்பது... இவை கையின் சொற்கள். அந்தரம், அரியண்டம், விசர் வருகுது, மனம் விட்டுப்போச்சு, ஏலாமல் கிடக்கு... இவை மனதின் சொற்கள். அம்மாவுக்கு இவ்வளவையும் சொல்லுவோம். டொக்டருக்கு முன்னால் மட்டும் "ரொம்ப நோ" என்று ஒரு சொல்லோடு எழும்பி வந்துவிடுகிறோம்.

ஒரு சிலருக்கு மட்டும்

இந்தப் பகுதியை மெல்லமாகவே எழுதுகிறோம். எம்மில் சிலருக்குக் கறண்ட் முதல் முறை அடித்தது கனடாத் தொழிற்சாலையில் அல்ல. தடுப்பில் வைத்து விசாரணை என்ற பெயரில் நடந்ததை அவர்கள் மனைவியிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவருக்கு இங்கு ஒரு சின்ன வயர் பட்டால்கூட, பழையது முழுவதும் திரும்பி எழும்பலாம். அவரைக் கேள்வி கேட்டு நெருக்காதீர்கள். சொல்ல விரும்பினால் சொல்லட்டும். வன்முறைக்கு ஆளாகி வந்தவர்களுக்கு உளச்சிகிச்சை கொடுப்பதற்கென்றே மொன்றியலில் 'றிவோ' என்ற அமைப்பு இருக்கிறது. சி.எல்.எஸ்.சி.யில் கேட்டாலும் வழி காட்டுவார்கள்.

என்ன செய்யலாம்?

தங்கச்சிக்கு நாம் தொலைபேசியில் சொன்னதையே இங்கும் எழுதுகிறோம்.

1. எழுதி வையுங்கள். ஒரு கொப்பி வாங்கி ஒவ்வொரு நாளும் நான்கு வரி: நோ எப்படி, எத்தனை மணிநேரம் நித்திரை, என்ன மறந்தது, எதற்குச் சினம் வந்தது. தமிழிலேயே எழுதுங்கள். டொக்டருக்கு முன்னால் ஞாபகம் வராது. மறதிதானே வருத்தமே!

2. பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். நேரம் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். ஆஸ்பத்திரிகளும் சி.எல்.எஸ்.சி.களும் ஒழுங்கு செய்ய முடியும். கிடைக்காவிட்டால் வளர்ந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். பிள்ளைக்கு முன்னால் தகப்பன் உண்மை சொல்ல மாட்டான். சொன்னாலும் அந்தப் பாரத்தைப் பிள்ளை சுமக்கக் கூடாது.

3. இந்தப் பிரெஞ்சுச் சொற்களை வெட்டிக் கைப்பையில் வையுங்கள். கறண்ட் அடித்தது: ஷொக் எலெக்ட்ரிக். எரிவு: ப்ரூலூர். உளைந்து தெறித்தல்: எலான்ஸ்மான். விறைப்பு: ஆங்கூர்திஸ்மான். மறதி: பெர்த் டு மெமுவார். நித்திரையின்மை: ஆன்சொம்னி. சினம்: இரித்தாபிலித்தே. மனச்சோர்வு: தெப்ரெஸியோன். உச்சரிப்பு பிழைத்தாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்.

4. எல்லாவற்றையும் டொக்டர் எழுத வேண்டும். கையை மட்டுமல்ல, ஞாபகம், நித்திரை, மனநிலை எல்லாவற்றையும். வேலையில் நடந்த விபத்து என்பதும் எழுதப்பட வேண்டும். கியூபெக்கில் வேலை விபத்துக்குரிய சட்டம் 1985இல் வந்தது. யார் பிழை என்று அது பார்ப்பதில்லை. முன்பு சி.எஸ்.எஸ்.தே. என்று அழைக்கப்பட்ட அலுவலகம் 2016இலிருந்து 'செனெஸ்ற்' என்ற பெயரில் இயங்குகிறது. அங்கு விண்ணப்பிக்க ஆறு மாதம் தவணை. தவறவிட்டிருந்தால், நியாயமான காரணத்தைக் காட்டி, பிந்தியதை ஏற்கும்படி கேட்கலாம். வேலை செய்ய முடியாமல் போனால் முதல் 14 நாளுக்கு முதலாளியும், அதன் பின் அந்த அலுவலகமும், கைக்கு வரும் சம்பளத்தில் 90 வீதம் தர வேண்டும். எந்த டொக்டரிடம் போவது என்பதைத் தெரிவு செய்யும் உரிமை உங்களுடையது, கொம்பனியுடையது அல்ல. வேலை அனுமதிப் பத்திரத்தோடு வேலை செய்யும் அகதி விண்ணப்பதாரருக்கும் இதே உரிமைகள்தான். விண்ணப்பித்ததற்காக வேலையால் நிறுத்துவது சட்டப்படி தவறு.

5. 'இல்லை' என்று கடிதம் வந்தால் அழுதுகொண்டு இருக்காதீர்கள். 30 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். தனியாகச் செய்யத் தேவையில்லை. விபத்துக்குள்ளான தொழிலாளருக்காக 'உத்தாம்' என்ற சங்கம் 1975இலிருந்து மொன்றியலில் வேலை செய்கிறது. 2000ஆம் ஆண்டு தொடங்கிய குடியேறிய தொழிலாளர் நிலையமும் உதவும்.

6. வலிச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பும்படி டொக்டரிடம் கேளுங்கள். மெல்சாக் பேராசிரியரின் பங்களிப்போடு 1974இல் மொன்றியல் ஜெனரல் ஆஸ்பத்திரியில் அப்படி ஒன்று தொடங்கியது. வரிசை நீளம்தான். அதற்காகப் பெயர் போடாமல் விடக் கூடாது. உளவியலாளரிடம் அனுப்பினால் 'எனக்கு என்ன விசரோ?' என்று கோபிக்காதீர்கள். படலையைச் சாத்தப் பழக்குவதும் வைத்தியம்தான்.

7. வேலையைத் துண்டு துண்டாகச் செய்யுங்கள். சுகமாக இருக்கும் நாளில் வீடு முழுவதும் துடைத்து, அடுத்த மூன்று நாள் படுப்பது கூடாது. கொஞ்சம் செய்து, கொஞ்சம் ஆறி, மறுபடியும் கொஞ்சம். தினமும் சிறிது நடவுங்கள். நித்திரைக்காகச் சாராயத்தைத் தொடாதீர்கள். முதல் மாதம் அது நண்பன் போல வரும். எமக்குத் தெரிந்து அது ஒரு வீட்டையே பிரித்திருக்கிறது.

8. 'இருந்து என்ன பயன்' என்ற எண்ணம் வந்தால் அதையும் சொல்லுங்கள். அது வந்தவர்கள் நிறையப் பேர். 811ஐ அழைத்து 2ஐ அழுத்தினால் எந்த நேரமும் சமூக சேவையாளர் ஒருவர் பேசுவார். 2023 கார்த்திகை முடிவிலிருந்து கனடா முழுவதும் 988 என்ற இலக்கமும் இருக்கிறது. பிரெஞ்சும் ஆங்கிலமும்தான் அங்கு உண்டு. பேச வராதவருக்கு வீட்டில் ஒருவர் அழைத்துக் கொடுங்கள்.

வீட்டாருக்கும் அயலாருக்கும்

சகோதரிகளே, அவர் மறந்தால் 'எத்தனை தரம் சொல்லுறது' என்பதை விட்டுவிட்டு, ஒரு கடுதாசியில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டிவிடுங்கள். சினம் வரும்போது பதிலுக்குப் பதில் வேண்டாம். ஆனால் ஒன்று: அவர் கை நீட்டினால், நோ என்று சொல்லிப் பொறுத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. நோ ஒரு காரணம், அனுமதிச் சீட்டு அல்ல. உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் உதவி கேளுங்கள்.

சகோதரர்களே, சினம் ஏறுவது முதலில் தெரிவது உங்களுக்குத்தான். அப்போது எழும்பி வெளியே போய் வளவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாருங்கள். வந்து பிள்ளையிடம் "அப்பாவுக்குக் கை நோ, உன்னிலை கோபமில்லை" என்று சொல்லுங்கள். பிள்ளைகள் நாம் சொல்லாததற்கெல்லாம் தங்களைத்தான் காரணமாக நினைப்பார்கள்.

அயலாரே, கட்டுப் போட்ட காலைப் பார்த்தால் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறோம். கட்டுப் போட முடியாத வருத்தத்துக்கு மட்டும் ஏன் கதை கட்டுகிறோம்? ஊரில் வேலிக்கு மேலால் கறி கொடுத்தவர்கள்தானே நாம்?

கடைசியாக

இரண்டாம் முறை நாம் மகளை விட்டுவிட்டு, மொழிபெயர்ப்பாளர் அம்மா ஒருவரோடு போனோம். கொப்பியைத் திறந்து ஒவ்வொன்றாகச் சொன்னோம். புத்தகம் எறிந்ததையும் சொன்னோம். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. டொக்டர் இரண்டு பக்கம் எழுதினார்.

கை இன்றும் நோகிறது. முழுவதும் மாறும் என்று யாரும் எமக்கு வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் நித்திரை முந்தியதைவிடப் பரவாயில்லை. இப்போது எண்ணும் வேலை இல்லாத பகுதிக்கு மாற்றித் தந்திருக்கிறார்கள். மகளிடம் ஒரு நாள் எல்லாவற்றையும் சொன்னோம். "தெரியும் அப்பா" என்றாள். சில கிழமை கழித்துத்தான் புத்தகத்தோடு குசினி மேசைக்கு வந்தாள். இன்னும் மெல்லிய குரலில்தான் வாசிக்கிறாள். 'சத்தமாய் வாசி அம்மா' என்று நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தங்கச்சி, உங்கள் மனுசனிடம் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள். வாசிக்கப் பஞ்சியென்றால் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். அவர் தனி ஆள் இல்லை என்று சொல்லுங்கள்.

அடுத்த இதழில் வாடகைப் பத்திரத்தோடு சந்திப்போம். அதுவரை, ஈரக் கையோடு சுவிச்சைத் தொடாதீர்கள். ரேப் சுற்றிய வயரைக் கண்டால், போர்மன் என்ன சொன்னாலும், அந்த மெசினில் கை வைக்காதீர்கள்.